தேய்ந்த எட்டணா

"சட்டை போடலாமா, கூடாதா? அத்த மொதல்ல சொல்லு."

"கூடாது ஹென்றி. கோயில் சிலையில ஒரு சிப்பாய்க்காவது மேல் சட்டை கீதா? நீயே காட்டு, ஒத்துக்கறேன்."

"அவனுங்களுக்குத் தொப்பை இல்ல மஜீது பாய். எனிக்கி கீது."

"அதுக்குத்தான் எருமைத்தோல்ல கவசம் தெச்சிக் குடுத்துகீறேன். மூச்ச உள்ள இழு. இன்னும் இழு. ஆங், இப்ப வார மாட்டு. பேசாத. பேசினா அவுந்துடும்."

திருவொற்றியூரில் கண்காட்சி நடக்கும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறை. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மேசைகளின் மேல் பழைய வேட்டியை விரித்து, மூன்று நண்பர்களும் தங்கள் சோழர் படையைப் பரப்பியிருந்தார்கள். ஹென்றி துறைமுகத்தில் சரக்கு சரிபார்ப்பவன். புத்தகம் புத்தகமாகப் புரட்டி, அந்தக் காலத்தில் எதை எப்படி உடுத்தினார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வது அவன் வேலை. மஜீது வண்ணாரப்பேட்டையில் பையும் பெல்ட்டும் தைத்து விற்கிறவர். தோல் வேலை அவருடையது. சுப்பராயன் ஒரு சின்னப் பட்டறையில் டை வெட்டுகிறவன். தகரத்தையும் தட்டையும் அழுத்தி உருவம் எடுக்கும் இரும்பு அச்சுகள். எண்ணெய் பீப்பாய்த் தகரத்தில் கேடயம் அடித்ததும் அவன்தான், காசு அடித்ததும் அவன்தான்.

மாதம் ஒரு ஞாயிறு எண்ணூர்க் கடற்கரையில் இந்த வேஷத்தோடு நடப்பார்கள். "எந்தப் படம் சார், ஷூட்டிங்கா?" என்று வலை பிரிக்கிறவர்கள் கேட்பார்கள். "படம் இல்லப்பா, சும்மா ஒரு ஆசை" என்றால், "சும்மாவா இந்த வெயில்ல?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சுப்பராயன் கூசியதே இல்லை.

இன்று கூட்டம் காசு மேசையில்தான். செம்புக் காசுகள் ஒரு தட்டு நிறைய. நடுவில், கறுப்பு வெல்வெட்டில், ஒரே ஒரு வெள்ளிக்காசு. ஒரு பக்கம் நிற்கும் ராஜா, மறு பக்கம் உட்கார்ந்த உருவமும் எழுத்தும்.

"மெய்யாலுமே பழசு மாரியே கீதுபா," என்றார் ஒரு வாத்தியார். "வெள்ளி எங்க புடிச்ச?"

"பழைய காசு ஒண்ணு கெடைச்சுது சார். அதும் மேலயே அடிச்சிட்டேன். அந்தக் காலத்துலயும் அப்பிடி செஞ்சிருக்காங்க. ஒரு ராஜா காசு மேல இன்னொரு ராஜா அடிப்பாரு."

"அப்ப கீழ ஒருத்தர் கீறாருன்னு சொல்லு."

"கீழ ஒண்ணும் இல்ல சார். தேஞ்சி மொழுக்குனு கீது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமனார் வாசலில் வந்து நின்றார். பக்தவச்சலம், துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு சரக்கு தூக்கும் வின்ச்சு ஓட்டி ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம், கறுப்புக் கண்ணாடி. மனைவி போன பிறகு மகள் மகிழினியோடும் மருமகனோடும் இருக்கிறார்.

"வாங்க பெர்சு, வாங்க!" ஹென்றி கவசம் அவிழ ஓடி வந்தான். "ஒங்க மாப்ள அடிச்ச காசப் பாருங்க."

"எங்க பாக்கறது, கண்ணு மசமசன்னு கீது. கையில குடு."

சுப்பராயன் எடுத்துக் கொடுப்பதற்குள் ஹென்றியே வெல்வெட்டிலிருந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டான். பக்தவச்சலத்தின் கட்டைவிரல் காசின் மேல் மெதுவாக ஒரு சுற்று போனது.

"மேடு மேடா நல்லா வந்துகீது மாப்ள. வெயிட்டும் ஜோரா கீது. என் எட்டணா இப்பிடித்தான் கையில குந்தும்."

"அத்தயும் குடு பெர்சு, ஷோவுல வெச்சிடலாம்."

"அது ஷோவுக்கு இல்ல ஹென்றி. ஜெயவேலு நெத்திக்கு."

"நெத்திக்கா?"

"ரெண்டு பேரும் ஒண்ணா ஹார்பருக்குப் போன மொத நாளு. மேஸ்திரி ஆளுக்கு ஒரு வெள்ளி எட்டணா குடுத்தான். செலவு பண்ணல. நான் மொதல்ல போனா அவன் காசு என் நெத்தில. அவன் மொதல்ல போனா என் காசு அவன் நெத்தில. அன்னிக்கே பேசிக்கினோம். தடவித் தடவி ராஜா மூஞ்சே போயிடுச்சு."

"கல்யாணம் ஆவுறதுக்கு முன்னாடியே சாவப் பத்திப் பேசினீங்களா?"

"மூட்டை தூக்குறவனுக்கு அதான மொதல்ல ஞாபகம் வரும்," என்று சிரித்தார் பக்தவச்சலம். காசைத் திருப்பித் திருப்பித் தடவிவிட்டு மருமகன் பக்கம் நீட்டினார். "பத்திரமா வெய்யி. நல்ல வேலை."

சுப்பராயன் வாங்கிக்கொண்டான். கையில் அது சூடாக இருந்தது, கிழவரின் கைச்சூடு. அவன் இன்னும் வேஷம் கட்டியிருக்கவில்லை. வெல்வெட்டில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டான்.

"இன்னா, உள்ள வெச்சிட்ட?" என்றார் மஜீது.

"கூட்டமா கீது பாய். எவனாவது சுட்டுடுவான்."

கண் ஆபரேஷனுக்குப் போகும்போதுதான் பக்தவச்சலம் அந்தக் காசை மகளிடம் கொடுத்தார். மகிழினி அதைச் சிவப்புத் துணியில் முடிந்து சாமி அலமாரியில் குங்குமக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தாள். சுப்பராயன் தீப்பெட்டி தேடப் போனவன். முடிச்சை அவிழ்த்தான். இரண்டு பக்கமும் வழுவழுவென்று ஒரு வெள்ளி வட்டம். காசு அடிக்க இப்படி ஒரு தட்டு சந்தையில் எங்கே தேடினாலும் கிடைக்காது. எடையும் அகலமும் அளந்து செய்தது போல. ஜெயவேல் மாமா கல்லு மாதிரி இருக்கிறாரே, இன்னும் காசிமேட்டுக்குத் தானே போய் மீன் வாங்குகிறாரே, அதற்குள் மூர் மார்க்கெட் பக்கம் இன்னொரு எட்டணா பிடித்து, மெருகுச் சக்கரத்தில் தேய்த்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? துணிக்குள் அதே அகலத்தில் ஒரு செம்புத் தட்டை வைத்து முடிந்தான். மறுநாள் பட்டறையில் வெள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து, சம்மட்டியால் ஒரே அடி. மெழுகில் பதிந்தது போலப் பதிந்தது. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு காசு அடித்ததில்லை.

மூர் மார்க்கெட் பக்கம் இரண்டு ஞாயிறாகப் போகவில்லை. கண்காட்சி வேலை இருந்தது.

கண்காட்சி முடிந்து வந்த வியாழக்கிழமை காலையில் ஜெயவேலின் மகன் குமாரவேல் போன் செய்தான். மகிழினிதான் எடுத்தாள்.

"நைனா... ஜெயவேலு மாமா போயிட்டாராம். காலையில எழுந்து டீ குடிச்சிகினு இருந்தாராம். அப்பிடியே சாஞ்சிட்டாராம்."

பக்தவச்சலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "அந்தத் துணிய எடு," என்றார்.

சுப்பராயன் பல் தேய்த்துக்கொண்டு பின்கட்டில் நின்றான். வாயில் நுரை. துப்பவும் தோன்றவில்லை.

"இன்னாம்மா இது?"

"இன்னா நைனா?"

"இது என் காசு இல்லயே. லேசா கீது. ஓரம் வெட்டுது."

"குடு பாப்போம். ஐயே, இது செம்பு! நைனா, நான் எங்கயும் எடுக்கலியே! நீ குடுத்ததத்தான் முடிஞ்சி வெச்சேன்!"

"நான் இத்தயா குடுத்தேன்?"

"ராயா! இங்க வாயா! நைனா காசப் பாத்தியா நீ?"

வாயைக் கழுவிக்கொண்டு வந்தான். மாமனாரின் உள்ளங்கையில் தன் செம்புத் தட்டு. அதன் ஓரத்தில் கத்தரி வெட்டிய பிசிறு. அதைத் தேய்த்து வைக்கக்கூட அவனுக்கு அன்று பொறுமை இருக்கவில்லை.

"சொல்லுயா. பாத்தியா?"

"இல்ல," என்றான்.

"ஆஸ்பத்திரில மாத்திட்டாங்களோ என்னமோ," என்றார் பக்தவச்சலம். "கண்ணு மங்கிக் கெடந்தேன் இல்ல. குடுக்கும்போதே மாறிப் போச்சா, தெரியல. நான்தான் ஒரு தபா தொட்டுப் பாத்துக் குடுத்திருக்கணும்."

"வேற காசு வெக்கலாம் நைனா. வெள்ளிக்காசே வாங்கிக்கலாம்."

"அது வேற காசு."

ஆட்டோவில் ராயபுரம் போகும் வரைக்கும் சுப்பராயன் மாமனாரை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் வெள்ளிக்காசு. கிளம்பும்போது பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெளிவில்லை. தேரடி வரும்போது சொல்லிவிடலாம். டோல்கேட் வரும்போது சொல்லிவிடலாம். காசிமேடு தாண்டும்போது, "மாமா," என்றான்.

"இன்னா?"

"காத்து அடிக்குதா? கண்ணுக்கு ஆவாது. திரைய எறக்கட்டா?"

"உடு. அடிக்கட்டும்."

தெருவை அடைத்துப் பந்தல். வாசலில் மேளம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஜெயவேல், நெற்றியில் திருநீறு மட்டும். காசு இல்லை. யாரோ ஒரு ரூபாயைச் சந்தனத்தில் தோய்க்கப் போனபோது, அவர் மனைவி பூவம்மா தடுத்து வைத்திருந்தாள்.

"வாணாம். அண்ணன் வருவாரு. அவரு காசு ஒண்ணு கீது."

பக்தவச்சலம் உள்ளே நுழைந்ததும் பெண்களின் அழுகை ஒரு முறை மேலே ஏறித் தணிந்தது. பூவம்மா எழுந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா அண்ணே. அவரோடது. ஒனக்குன்னு வெச்சிருந்தாரு. தெனம் ராவுல எடுத்துத் தொடச்சிட்டுத்தான் படுப்பாரு."

பக்தவச்சலம் வாங்கினார். கட்டைவிரல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. வழுவழுவென்று இருந்திருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது.

"உன் காச எடு அண்ணே. நாழியாவுது. வெய்யி."

"இல்ல தங்கச்சி."

"இன்னா இல்ல?"

"தொலச்சிட்டேன்."

அழுதுகொண்டிருந்த கிழவிகள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"தொலச்சிட்டியா?"

"எங்கன்னு தெரியல தங்கச்சி. துணியில வேற என்னமோ கீது."

"இம்மாம் வருசம் இவரு சட்டைய மாத்தினாரு, வூட்ட மாத்தினாரு, அந்தக் காச மாத்தல. ரெண்டு தபா வெள்ளம் வந்துச்சு. வாயில போட்டுகினு தண்ணில நடந்து போனாரு. நீ தொலச்சிட்டேன்னு வந்து நிக்கிற? பீடிக்குப் போட்டியா? சீட்டாடிட்டியா?"

"அத்தை..." என்றான் சுப்பராயன். அவள் திரும்பவில்லை.

"குடு அதை." பூவம்மா கையை நீட்டினாள். "அவரு காச அவரு நெத்திலயே வெக்கறேன். ஒனக்கு வாணாம். ஒனக்கு வெக்கறவங்க ஒரு ரூபா வெக்கட்டும்."

பக்தவச்சலம் மறுபேச்சு இல்லாமல் கையை விரித்தார், அவள் எடுத்துக்கொண்டாள். அந்த விரிந்த கையைப் பார்த்த சுப்பராயன் முன்னால் வந்தான்.

"மாமா தொலைக்கல அத்தை!"

எல்லோரும் திரும்பினார்கள். மகிழினியும் திரும்பினாள்.

"நான்தான் எடுத்தேன். பழைய காசுன்னு நெனச்சி... தெரியாம எடுத்துட்டேன். இதோ கீது. இதுதான் அது."

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பூவம்மா வாங்கி ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பி மறு பக்கம் பார்த்தாள்.

"யாரு இது?"

"ராஜா அத்தை. சோழ ராஜா."

"பின்னாடி?"

"அது... உக்காந்திருக்கற உருவம். நான் அடிச்சது. அச்சுல வெச்சி."

"ஷோவுல வெச்சியே, அந்தக் காசா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். "கடற்கரையில வேசம் கட்டிகினு சுத்துவாங்களே, அந்த கோஷ்டியா?"

"ஆமா, அவன்தான். பொம்மைக்காசு அடிக்கிறவன்."

பூவம்மா யாரையும் கவனிக்கவில்லை. காசை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுல ஒங்க மாமா எந்தப் பக்கம் கீறாரு? சொல்லு. எந்தப் பக்கத்த எங்க வூட்டுக்காரரு நெத்தியில வெக்கறது?"

சுப்பராயன் தரையைப் பார்த்தான். யாரோ சிந்திய டீ, அதில் எறும்பு.

பக்தவச்சலம் அவளிடமிருந்து அந்தக் காசை வாங்கினார். விரல் மேடுகளில் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

"ஞாயித்துக்கெழம இத்த என் கையில வெச்சான் ஹென்றி," என்றார் மெதுவாக. "நீ பக்கத்துல நின்னுகினு இருந்த. நான் ஜெயவேலு நெத்திக்குன்னு சொன்னேன். அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். காலையில கூடத் தொறந்திருக்கலாம்."

"மாமா..."

"நல்ல வேலைன்னு வேற சொன்னேன்."

பூவம்மாவின் முகம் இளகியது, அவனைப் பார்த்தல்ல, கிழவரைப் பார்த்து. தன் கையிலிருந்த தேய்ந்த காசைத் திரும்ப அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். "என்ன மன்னிச்சிடு அண்ணே. ஒன்ன என்னென்னமோ பேசிட்டேன். இது ஒன்னோடது. அந்த ராஜா காச அவரு நெத்தியில வெய்யி. எப்பிடி கீதோ அப்பிடியே வெய்யி. உள்ள ஒன் காசு கீதில்ல."

பக்தவச்சலம் சந்தனம் தொட்டு வைத்தார். எந்தப் பக்கம் மேலே வருகிறது என்று அவர் பார்க்கவில்லை. நிற்கும் ராஜாதான் மேலே வந்தான். அடிக்கும்போது ராஜாவின் கையிலிருந்த பூ துல்லியமாக விழுந்ததற்குச் சுப்பராயன் பட்டறையில் தனியாகக் கை தட்டியிருந்தான். இப்போது அந்தப் பூ ஜெயவேலின் புருவத்துக்கு நடுவில் பளபளத்தது.

"தாத்தா நெத்தியில சாமி!" என்றது ஒரு குழந்தை.

"சாமி இல்லடா, ராஜா. சும்மா இரு," என்று அதன் தாய் வாயைப் பொத்தினாள். யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. சுப்பராயன் அந்தச் சத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மகிழினி அவனைத் தாண்டிப் போய்ப் பூவம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூலக்கொத்தளத்து இடுகாட்டில், குழிக்குள் இறக்குவதற்கு முன்னால், குழிக்காரர் குனிந்து நெற்றிக்காசை எடுத்தார். அது அவருக்குச் சேர வேண்டியது. வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது? செல்லாக்காசு வெச்சிகீறீங்க. எவன் பண்ண வேல இது?"

ஒவ்வொருவராகச் சுப்பராயனைப் பார்த்தார்கள். குழிக்காரரும் அந்தப் பார்வைகளின் வழியே வந்து அவனிடம் நின்றார்.

"இந்தா, நீயே வெச்சிக்க. எனக்கு டீக்குத் துட்டு குடு."

அவன் கையில் கிடைத்த நோட்டைக் கொடுத்தான். காசு மறுபடியும் அவன் கையில். சந்தனம் ஒட்டியிருந்தது.

"அத்த வூட்டுக்கு எடுத்தாராத," என்றார் பக்தவச்சலம். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அது அவன்கூடப் போவணும். நீ எறங்கு. எறங்கி வெய்யி."

உடலை இறக்கிய பிறகு சுப்பராயன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். உள்ளே மண் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. ஜெயவேலின் நெற்றியில் காசு இருந்த இடம் வட்டமாகச் சந்தனம் காய்ந்து கிடந்தது. அங்கேயே வைத்தான். கை எடுக்கும்போது காசு வழுக்கிக் காதோரம் விழுந்தது. தேடி எடுத்து மறுபடி வைத்தான். "சீக்கிரம் ஏறுபா," என்று மேலிருந்து யாரோ சொன்னார்கள். கை கொடுக்க யாரும் குனியவில்லை. விளிம்பைப் பிடித்து அவனே ஏறினான். முழங்கால் முழுக்க மண்.

வீட்டு வாசலில் மகிழினி இரண்டு குடம் தண்ணீர் வைத்திருந்தாள். பக்தவச்சலம் முதலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே போனார். சுப்பராயன் ஊற்றிக்கொண்டு அங்கேயே நின்றான். உள்ளே பேசுவது கேட்டது.

"இந்தாம்மா. ஜெயவேலுது. நீ வெச்சிக்க. அலமாரில வாணாம்."

"எங்க வெக்கறது நைனா?"

"பூவம்மா எங்க வெச்சிருந்தா? அங்கயே வெய்யி. முடிஞ்சிக்க. நான் போனா நீ வெய்யி நெத்தியில. பொம்பள வெக்கக் கூடாதுன்னு எவனாவது சொன்னா, நான் சொன்னேன்னு சொல்லு."

"அவரு கீறாரே நைனா."

கட்டில் முனகும் சத்தம் மட்டும்.

சிறிது நேரம் கழித்து மகிழினி துண்டோடு வெளியே வந்தாள். முந்தானை ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சு.

"தொட."

வாங்கிக்கொண்டான். தலையைத் துவட்டினான். அவள் போகவில்லை.

"அங்க எல்லார் முன்னாடியும் சொன்னியே. பழைய காசுன்னு நெனச்சேன், தெரியாம எடுத்தேன்னு."

அவன் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"சிவப்புத் துணியில மூணு முடிச்சு போட்டிருந்தேன்யா. ஒதவாத காச யாரு அப்பிடி முடிவாங்க? ஒவ்வொரு முடிச்சா அவுத்திருப்ப இல்ல. அவுக்கறப்ப ஒனக்குத் தெரியலயா?"

தெருவில் ஒரு டேங்கர் லாரி மணலிப் பக்கம் போனது. அது போய் முடியும் வரை அவள் காத்திருந்தாள்.

"தெரிஞ்சுது," என்றான் துண்டுக்குள்ளிருந்து.

மகிழினி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. சுப்பராயன் ஈர வேட்டியோடு வாசல்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான்.